பாலத்துக்கு இந்தப் பக்கம்

வெள்ளைத்துரை ஊரைவிட்டுப் புறப்பட்டது தீபாவளி கழிந்த மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாயன்று யாரும் தூரப்பயணத்துக்கு வாசல்படி தாண்ட மாட்டார்கள். ஆனால் பெரிய லோடு கடத்தும் வண்டிக் கம்பெனிக்குச் செவ்வாய் ஏது, வெள்ளி ஏது? இழுவை வண்டிகளும், வரிசை வரிசையாகச் சக்கரம் வைத்த நீண்ட டிரெய்லரும் வந்த வழியே வெறுமனே திரும்பின. கொண்டுவந்த சாமான் மட்டும் ஆற்றுப்பாலத்துக்கு இந்தப் பக்கம், சாலையோரப் புறம்போக்கில் ரயில்பாதைச் சிலிப்பர் கட்டைகளின் மேல் நின்றது. சாம்பல் நிறம் பூசிய டிரான்ஸ்பார்மர். ஓட்டு வீட்டைவிட உயரம். எடையோ, நூற்று முப்பது டன் என்று சொன்னார்கள்.

கடைசி வண்டியின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு வெள்ளைத்துரை தன் மனைவியைப் பார்த்தான்.

"எப்ப வருவீக?" என்று கேட்டாள் சண்முகத்தாய்.

"பாலத்தச் சரிபண்ணுனதும் வந்துருவேன் தாயி. இது இங்கன கெடக்குல்ல, இத விட்டுட்டு எங்கன போயிருவேன்? இத எடுக்கையில வயரத் தூக்கிவிட நான்தான வரணும்? பத்திரமாப் பாத்துக்க."

அவள் தலையாட்டினாள். வண்டிப் புழுதி அடங்கும்வரை நின்றுவிட்டு அந்தப் பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். வெயிலில் காய்ந்து சுட்டது. இவ்வளவு பெரிய அடமானத்தை வைத்துவிட்டுப் போன மனிதன் திரும்பாமல் இருப்பானா என்றுதான் அன்றைக்கு நினைத்தாள்.

சண்முகத்தாய்க்கு அப்போது முப்பத்துநான்கு வயது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவள். கல்யாணமானதும் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வெடி ஆபீஸுக்கு மாறினாள். அந்தப் பக்கத்தில் பட்டாசுத் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஆபீஸ்தான். காலையில் வேன் வரும். சாயங்காலம் கொண்டுவந்து விடும். விரல் இடுக்கில் ஒட்டிய அலுமினியப் பொடி சோற்றுக்குக் கை கழுவினாலும் போகாது. மகள் மாரிசெல்வி ஒன்பதாம் வகுப்பு படித்தாள்.

வெள்ளைத்துரையும் வெடி ஆபீஸில் லாரிக்கு லோடு ஏற்றியவன்தான். ஒருமுறை காற்றாலை இறக்கை ஏற்றிய டிரெய்லர் ஊர் வழியாகப் போனபோது, தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகளைத் தூக்கிவிட ஆள் கேட்டார்கள். அவன் நீளக் கம்போடு மேலே ஏறினான். அன்றைக்கே அந்த வேலை அவனைப் பிடித்துக்கொண்டது; வண்டிக் கம்பெனியிலேயே சேர்ந்துவிட்டான். தரையில் நின்றால் நாலு பேரில் ஒருவன். லோடு மேல் ஏறிவிட்டாலோ ஊரே அவனை அண்ணாந்து பார்க்கும். வண்டி கடக்கிறவரை கரண்டை நிறுத்திவைப்பார்கள். "ஊருக்கே ஃபேன நிறுத்திப்புட்டு நான் ஒருத்தன் காத்தாடப் போறேன்" என்று சொல்லிச் சிரிப்பான்.

அந்த டிரான்ஸ்பார்மர் கப்பலில் தூத்துக்குடிக்கு வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம், மூன்று மைலில், புது சப்ஸ்டேஷன் கட்டி முடித்து வேலி போட்டு வைத்திருந்தார்கள். தெற்கே காற்று அடிக்கிற மாதங்களில் அத்தனை மின்சாரத்தையும் வாங்கிக்கொள்ளக் கம்பியில் இடமில்லை என்று காற்றாலைகளை நிறுத்திவைக்கிறார்கள். இங்கே ஊருக்குள் சாயங்காலமானால் பல்பு மின்மினிப்பூச்சி மாதிரி எரிகிறது. இந்தப் பெட்டி போய்ச் சேர்ந்தால் அந்தக் குறை தீரும் என்றார்கள். சப்ஸ்டேஷனை நம்பி விருதுநகர் மிளகாய் வத்தல் வியாபாரி இராமகிருஷ்ணன் பக்கத்திலேயே சரக்கைச் சேர்த்துவைக்க ஒரு குளிர்பதனக் கிட்டங்கி கட்டியிருந்தார். கிட்டங்கியை நம்பி வெள்ளாமை செய்யும் சம்சாரிகள் கூடுதலாக மிளகாய் போட்டிருந்தார்கள். ஒன்றை நம்பி ஒன்று.

முதலில் குறித்த வழியில் ரயில் கேட்டுக்கு மேல் புதிதாக மின்கம்பி இழுத்து, உயரத் தடுப்பு வைத்துவிட்டார்கள். வண்டி அங்கே ஒரு வாரம் நின்றது. டிரைவரும் சூப்பர்வைசரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது வெள்ளைத்துரைதான் முன்னால் வந்தான்.

"எங்க ஊரு வழியாப் போயிரலாம் சார். ஆத்துப்பாலம் இருக்கு. சீசன்ல பட்டாசு லாரி ஒண்ணுபின்னால ஒண்ணா அம்புட்டும் அதுலதான் போகுது. ஒவ்வொண்ணும் மலை மாதிரி லோடு."

அவன் பொய் சொல்லவில்லை. அந்த ஊரில் லோடைக் கண்ணால்தான் அளப்பார்கள். தார்ப்பாய் எவ்வளவு உயரம் எழும்பியிருக்கிறது, கயிறு எத்தனை வரிசை போட்டிருக்கிறது என்று பார்த்து, 'நல்ல லோடுடா' என்பார்கள். பட்டாசும் தீப்பெட்டியும் இடத்தை அடைக்குமே தவிர எடை ஏறாது என்பதை யாரும் யோசித்ததில்லை. பிறந்ததிலிருந்து அட்டைப்பெட்டி ஏற்றியவனுக்கு, லாரி நிறைந்தால் அதுவே பாரம். பாலத்தின் முனையில் வண்டி வந்து நின்ற பிறகு பொறியாளர் ஒருவர் கீழே இறங்கித் தூண்களைத் தட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். இதில் மூன்றில் ஒரு பங்கு ஏறினாலே பாலம் ஆற்றில் கிடக்கும் என்றார். திரும்பிப் போகலாமென்றால் கடைசியாகக் கடந்த வளைவில் லோடோடு பின்னால் எடுக்க முடியாது. உரலுக்குள் தலையை விட்டாயிற்று. கீழே இறக்கிக் கட்டை மேல் வைப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

காவலுக்குச் சண்முகத்தாயை வைத்தார்கள். சூப்பர்வைசர் அவளை அழைத்து, பெட்டியின் பக்கவாட்டில் இருந்த சின்ன மீட்டரைக் காட்டினார்.

"உள்ள கேஸ் அடைச்சிருக்கும்மா. இது இருக்கறவரைக்கும் ஈரம் உள்ள போகாது. ஊசி பச்சையில நின்னா பெட்டிக்கு உசிர் இருக்குன்னு அர்த்தம். சிவப்புக்கு வந்தா உடனே போன் பண்ணுங்க, சிலிண்டர் கொண்டுவந்து நிரப்பிடுவோம்."

"விட்டுட்டா?"

"ஈரம் ஏறிட்டா அவ்வளவுதான். இரும்பு விலைக்குப் போட வேண்டியதுதான்."

அதன்பிறகு தினமும் வேன் ஏறுவதற்கு முன்னால் ஒருமுறை, இறங்கியதும் ஒருமுறை, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஊசியைப் பார்ப்பாள். சாயங்காலம் புருஷன் போன் பண்ணுவான். சில நாள் எண்ணூரிலிருந்து, சில நாள் குஜராத்தில் ஏதோ துறைமுகத்திலிருந்து. "சாப்பிட்டீகளா" என்பதற்கு முன்னால் "பச்சையில இருக்கு" என்பாள். "நல்லது தாயி" என்பான்.

ஆபீஸில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திரி செருகுகிற அழகுமீனா, வெள்ளைத்துரைக்குச் சித்தப்பா மகள். வாய் சும்மா இருக்காது.

"மதினி, எல்லாரும் புருசன் வெளியூரு போனா சேல எடுத்தனுப்பச் சொல்லுவாக. எங்கண்ணன் ஒங்களுக்கு இரும்புப் பெட்டியில்ல சீரா வச்சுட்டுப் போயிருக்காக!"

"சிரி, சிரி. பெட்டி இருக்குற எடத்துக்கு ஆளு வந்துதான தீரணும்."

"அடகு வச்ச நகைய எல்லாருமா மீட்டுதாக? முழுகிப்போறதும் உண்டுல்ல?"

"ஒன் வாயில இந்த வெடிமருந்தப் போட்டு அடைக்க" என்று சண்முகத்தாயும் சிரித்தாள்.

முதல் வருஷ ஆயுத பூஜைக்கு இருவருமாகப் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். மீட்டருக்கும் ஒரு பொட்டு. பச்சையில் நின்ற ஊசியும் தெரிய அழகுமீனா தன் போனில் படம் எடுத்தாள்.

பாலத்தை அளக்க ஆள் வந்தார்கள். தூண்களில் சிவப்பு பெயிண்டில் எண் எழுதினார்கள். மண் தோண்டிப் புட்டியில் எடுத்துப் போனார்கள். பிறகு தேர்தல் வந்தது. பிறகு வேறு ஆட்கள் வந்து பழைய எண்ணை அழித்துப் புது எண் எழுதினார்கள். பாலத்தின் தலைப்பில் 'கனரக வாகனங்கள் செல்லத் தடை' என்று பலகை மட்டும் வந்தது. பட்டாசு லாரிகள் அந்தப் பலகையை உரசிக்கொண்டு வழக்கம்போலப் போயின.

இராமகிருஷ்ணன் மாதம் ஒருமுறை காரில் வந்து இறங்கிப் பெட்டியைச் சுற்றிப் பார்ப்பார்.

"என்னத்தா, ஒம் புருசன் கட்டுன கோயிலு எப்படி இருக்கு?"

"இருக்கு மொதலாளி."

"பட்டாசு லாரிய வச்சுப் பாலத்துக்கு எட போட்ருக்கான் பாரு! எட போடுறது எங்க பொழப்புத்தா. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அங்கன என் கிட்டங்கியில வத்தல் அடுக்க வேண்டிய எடத்துல பல்லி முட்ட போடுது."

அவள் அதை அன்றைக்குச் சாயங்காலம் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. இன்னொன்றும் சொன்னாள். பெட்டி நிற்கிற இடத்தில் பஸ் நிற்க ஆரம்பித்திருந்தது. கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்துக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். "'வெள்ளத்தொர பெட்டி எறங்கு'ன்னு கத்துதாக. டிக்கெட் கேக்குறவுககூட அப்படித்தான் கேக்காக. ஊரு பூராம் ஒங்க பேருதான்!" அவளுக்கு அதில் பெருமை. கட்டினவன் பெயரை நாளைக்கு நாலுதரம் பஸ்காரன் வாயால் கேட்கிற பாக்கியம் வேறு எவளுக்குக் கிடைக்கும்?

அவன் அவசரமாகப் பேச்சை முடித்தான். "சரி தாயி, வண்டி கெளம்புது" என்று வைத்துவிட்டான்.

அதன்பிறகு தினமும் வந்த போன் வாரத்துக்கு ஒன்றாயிற்று. பிறகு பொங்கலுக்கு ஒன்று. பிறகு அந்த எண்ணைக் கூப்பிட்டால் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. மாரிசெல்வி பன்னிரண்டாவது முடித்துத் திருப்பூருக்கு மில் வேலைக்குக் கிளம்பினாள். பஸ் ஏறும்போது பெட்டியைப் பார்த்துவிட்டு, "யம்மா, அப்பா வர மாட்டாரு. நீயும் எங்கூட வந்துரு" என்றாள்.

"இத ஆரு பாத்துக்கிறது?"

"அது என்ன ஆடா மாடா, மேஞ்சுட்டுப் போக?"

சண்முகத்தாய் போகவில்லை.

நான்காம் வருஷம் ஊசி இறங்க ஆரம்பித்தது. முன்பெல்லாம் சொன்ன மறுநாள் சிலிண்டரோடு வந்த பையன் வரவில்லை. கம்பெனி கைமாறிவிட்டது என்றார்கள். அவளிடம் இருந்த இன்னொரு எண்ணில் இந்தியில் யாரோ பேசினார்கள். "ஊசி, சார், ஊசி" என்று கத்திப் பார்த்தாள். அந்த ஐப்பசி மழையில் ஒரு காலை, ஊசி அடியில் போய்ப் படுத்துவிட்டது. கண்ணாடியை விரலால் சுண்டினாள். அசையவில்லை. பச்சை அங்கேயே இருந்தது. ஊசிதான் அதைவிட்டு வந்துவிட்டது. அழகுமீனாவைத் தவிர யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை. சொல்லவும் ஆள் இல்லை.

ஒரு வருஷம் கழித்து, மாசி மாதம், புது எண்ணிலிருந்து போன் வந்தது. புகழேந்தி என்று ஒரு பொறியாளர். இளங்குரல்.

"அம்மா, நாங்க கம்பெனிய வாங்கியிருக்கோம். ஆறு காஞ்சு கிடக்கறதால, பாலத்துக்குப் பக்கத்துல மணல்ல தற்காலிகமா ரோடு போட்டு அதைக் கடத்திடலாம்னு இருக்கோம். ஊசி எங்க நிக்குது?"

"ஏன் சார், கீழ இருந்தா?"

"கீழ இருந்தா ரோடு போட்டு என்ன பிரயோஜனம்? ரெண்டே நாள்ல வெட்டி இரும்புக்கு ஏத்திடுவோம். உங்களுக்கும் காவல் வேலை மிச்சம்."

சண்முகத்தாய் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள்.

"எடுத்துட்டுப் போறதா இருந்தா பழைய ஆளுகளா வருவாக?"

"ஆமா, வழி தெரிஞ்ச அந்தக் குழுவையேதான் கூப்பிட்டிருக்கோம்."

"வயரு தூக்குறவுகளும்?"

"எல்லாரும்தான்மா. ஊசி எங்க இருக்கு?"

"பச்சையில" என்றாள்.

ஒரு படம் அனுப்பச் சொன்னான். அவளிடம் இருந்தது பட்டன் போன். அழகுமீனாவிடம் போய் நின்றாள். ஆயுத பூஜைப் படத்தைத் தேடி எடுத்த அழகுமீனா திகைத்தாள்.

"மதினி, இது மொத வருசம் எடுத்ததுல்ல? சந்தனம்கூட அப்படியே இருக்கு."

"அனுப்பு."

"இப்ப அடியில கெடக்கே மதினி. வந்து பாத்தா?"

"வரட்டும். வந்தாப் போதும். நீ அனுப்பு."

அழகுமீனா அன்றைக்குத்தான் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு சொன்னதைச் செய்தாள்.

ஆற்றுக்குள் குழாய் பதித்துச் சரளை கொட்டி ரோடு போட்டார்கள். இராமகிருஷ்ணன் கிட்டங்கிக்கு வெள்ளையடித்தார். இயந்திரங்களின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றினார். காரியாபட்டிப் பக்கத்துச் சம்சாரிகளுக்குச் சொல்லியனுப்பி வத்தல் மூட்டைகளைக் கொண்டுவந்து அடுக்கவும் ஆரம்பித்துவிட்டார். இன்னும் ஒரு மாதத்தில் கரண்ட் வந்துவிடும் என்று எழுதியே கொடுத்திருந்தார்களாம். சண்முகத்தாயைப் பார்த்து, "ஒம் புருசன ஒருவழியா மன்னிச்சுட்டேன்த்தா" என்று ஒரு பொட்டலம் சேவு கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். தின்னவில்லை.

டிரெய்லர் வந்த அன்று அவள் ஆபீஸுக்குப் போகவில்லை. அவன் கடைசியாக எடுத்துக்கொடுத்த மாந்தளிர் நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு பெட்டிக்கருகில் நின்றாள். தூரத்திலேயே இழுவை வண்டிகள் தெரிந்தன. வெறும் டிரெய்லரின் மேல் கம்போடு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். அவள் நாலடி முன்னால் போனாள். அது வடக்கத்திப் பையன். தலையில் சிவப்புத் துண்டு.

டிரைவர் ராஜபாண்டியனை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அன்றைக்கு வந்த அதே ஆள். முடி நரைத்திருந்தது.

"அண்ணாச்சி, அவுக?"

ராஜபாண்டியன் வண்டியின் பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "கேட்டோம்த்தா. வாரேன்னுதான் சொன்னாப்ல. கெளம்புற எடத்துக்கு வரல. போன் போட்டா எடுக்கல."

புகழேந்தி இறங்கி நேராக மீட்டரிடம் போனான். துடைத்தான், குனிந்து பார்த்தான், சுண்டினான். வால்வைத் திறந்தான். சீறல் வரவில்லை. பெருமூச்சு அளவுக்குக்கூட ஒரு சத்தம் வரவில்லை. அவன் தன் போனில் இருந்த படத்தை எடுத்து, பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"எப்பம்மா இறங்கிச்சு?"

"போன ஐப்பசிக்கு மொத ஐப்பசி."

"பச்சைன்னு சொன்னீங்களே."

"பச்சன்னு சொன்னாத்தான வருவீக?"

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். வண்டி நிழலில் உட்கார்ந்து யார் யாருக்கோ போன் பண்ணினான். சாயங்காலம் டிரெய்லர் மறுபடியும் வெறுமனே திரும்பியது.

ஊசி பச்சையில் இருப்பதாகப் புகழேந்தி அந்தப் படத்தோடு மேலிடத்துக்கு எழுதி அனுப்பிவிட்டதால், பெட்டி கெட்டது யார் பொறுப்பில் என்று வழக்காகிவிட்டது. விற்ற கம்பெனி, வாங்கிய கம்பெனி, காப்பீட்டுக்காரர்கள் என்று மூன்று பக்கம். வழக்கு முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்று பெட்டியின்மேல் தாள் ஒட்டினார்கள். சண்முகத்தாயின் காவல் வேலை அன்றோடு போயிற்று. ஆற்றுக்குள் போட்ட ரோடு அடுத்த வெள்ளத்தில் குழாயோடு ஆனைக்குட்டம் அணைப் பக்கம் அடித்துக்கொண்டு போயிற்று. கரண்ட் வராத கிட்டங்கியில் வத்தல் நிறம் மங்கி வண்டு விழுந்தது. இராமகிருஷ்ணன் காரில் அந்த வழியாகப் போகும்போது இப்போதெல்லாம் இறங்குவதில்லை, கண்ணாடியையும் இறக்குவதில்லை. கொண்டுவந்து அடுக்கிய சம்சாரிகளில் ஒருத்தி ஒருநாள் வேன் அருகே வந்து, "நீதானா அது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

சண்முகத்தாய் வெடி ஆபீஸுக்குப் போனாள், வந்தாள். ஊரில் சாயங்காலம் பல்பு அதே மாதிரி எரிந்தது. பெட்டியின் அடியில் துரு இறங்கிக் கட்டைகளில் ஏறியது. வேனைவிட்டு இறங்கியதும் அவள் கை தானாக முந்தானையை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கும். ஊசியைப் பார்க்க மாட்டாள்.

அதற்குப் பிறகும் இரண்டு தீபாவளி போய்விட்டது. மாரிசெல்வி வாங்கிக்கொடுத்த பெரிய போனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்து கிடந்தது. அழகுமீனாதான் அமுக்கிக் காட்டினாள். பின்னால் கிரேன் சத்தமும், கப்பல் ஊதுகிற சத்தமும் கேட்டன.

"தாயி, நான்தான். நல்லாருக்கியா? பாப்பா நல்லாருக்கா? இங்கன துறைமுகத்துல நம்ம பக்கத்து ஆளு ஒருத்தர் சொன்னாரு, அந்தப் பெட்டிய எடுக்க ஆத்துக்குள்ள ரோடெல்லாம் போட்டாகன்னு. அன்னைக்கு எங்கிட்டயும் கேட்டாக. வரணும்னுதான் நெனச்சேன். மொதல்ல ஒன்னயப் பாத்துட்டு வண்டியோட சேந்துக்கலாம்னு விருதுநகர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டேன். கண்டக்டரு எம் பேரச் சொல்லி, பெட்டி, பெட்டின்னு கூவுனான். பஸ்ல இருந்தவுக சிரிச்சாக. எனக்கு ஏற முடியல தாயி, திரும்பிட்டேன். அத எடுத்துட்டாகளா? எடுத்துட்டாகன்னா ஒரு வார்த்த சொல்லு, அன்னைக்கே ரயிலேறி வந்துருவேன். அது அங்கன நிக்கிற வரைக்கும் என்னால அந்த ஊருக்குள்ள வர முடியாது."